புதுப்பிப்பு: பேக்கரி பலகைக்குக் கூப்பர் பிளாக்கே
அத்தை மகனின் பேக்கரிக்கு ஆங்கிலப் பெயர்ப்பலகை எழுத, பழைய பாணியில் தடித்த செரிஃப் எழுத்துரு (கோடுகளின் முனையில் சிறு நீட்டல் உள்ள எழுத்து) ஒன்று சொல்லுங்கள் என்று இந்த இழையில் கேட்டிருந்தேன். பலர் கூப்பர் பிளாக் என்றீர்கள். அதையே வைத்துவிட்டோம், பலகையும் மாட்டியாச்சு. நன்றி!

சிகாகோவில் ஆஸ்வால்ட் கூப்பர் வரைந்து 1922இல் அச்செழுத்தாக வந்தது இது. விளம்பரத் தலைப்புகளுக்கென்றே பிறந்த எழுத்து; பிரிட்டனின் ஈஸிஜெட் நிறுவன விமானங்களில் பெயர் எழுதியிருப்பதும் இதில்தான். பெரிதாக்கிப் பார்த்தால்தான் இதன் அழகு தெரிகிறது. செரிஃப் முனைகள் எல்லாம் உருண்டை, கூர்மை என்பதே இல்லை. எழுத்தின் கால்கள் தட்டையாக நிற்காமல் கொஞ்சம் புடைத்து நிற்கின்றன, உப்பிய பன் மாதிரி. ஆங்கில 'ஓ'வின் உள்வெளி (எழுத்துக்குள் இருக்கும் வெற்றிடம்) இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. அந்தச் சாய்வுதான் கையால் எழுதிய உணர்வைத் தருகிறது என்று எனக்குப் படுகிறது.

ஒன்று கவனியுங்கள்: சிறிய அளவில் உள்வெளிகள் அடைத்துக்கொள்கின்றன. அதனால் முகவரி, போன் நம்பருக்கெல்லாம் செரிஃப் இல்லாத மெலிந்த எழுத்தைப் போட்டோம்.

அப்புறம், தமிழ்ப் பெயரையும் பக்கத்தில் எழுத வேண்டும். இதோடு ஒத்துப்போகிற, முனை உருண்ட தடித்த தமிழ் எழுத்துரு தெரிந்தால் சொல்லுங்கள்.