வீட்டாய்வு எங்களுக்கு மட்டும்தானா? பெற்றோராவதற்கு எல்லாருக்கும் தகுதி வைத்தால் என்ன?

கேள்வி: வைகைக்கரை, மதுரை

நானும் கணவரும் தத்தெடுக்கப் பதிவு செய்து, வீட்டாய்வு முடிந்து, பட்டியலில் காத்திருக்கிறோம். தத்தெடுப்புக்கான அரசின் காரிங்ஸ் இணையதளத்தில் பதியும்போதே வருமானச் சான்று, மருத்துவச் சான்று, திருமணச் சான்று எல்லாம் கேட்டார்கள். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை வேண்டுமானால் கணவன் மனைவி இருவர் வயதையும் கூட்டி 85ஐத் தாண்டக் கூடாது. நாங்கள் அந்தக் கோட்டுக்கு மிக அருகில் இருக்கிறோம். பிறகு சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்தார். உங்களுக்குள் சண்டை வந்தால் யார் முதலில் பேசுவீர்கள், குழந்தை அடம்பிடித்தால் என்ன செய்வீர்கள், உங்களை உங்கள் பெற்றோர் அடித்து வளர்த்தார்களா என்று கேட்டார். என் மாமியாரிடம் தனியாகப் பேசினார். மரியாதையாகத்தான் நடந்துகொண்டார், அவரைக் குறை சொல்லவில்லை.

எங்கள் தெருவில் ஒரு வீடு இருக்கிறது. ஏழு வயதுப் பையன். தகப்பன் குடித்துவிட்டு வந்து பெல்ட்டால் அடிப்பது நாலு வீட்டுக்குக் கேட்கும். போன மாதம் கை வீங்கிப்போய்ப் பள்ளிக்குப் போனான். அந்த அம்மா இப்போது மறுபடியும் உண்டாகியிருக்கிறார். அவர்களிடம் யாரும் எந்தச் சான்றும் கேட்கவில்லை. எங்களைப் பார்த்ததுபோல எல்லாரையும் பார்த்துவிட்டுப் பிள்ளை பெற அனுமதித்தால் என்ன? கோபத்தில் கேட்கிறேன் என்று ஒதுக்கிவிடாதீர்கள். எனக்குப் பதில் வேண்டும்.

பதில் 1: கரிசல் வாத்தியார்

பார்க்கத்தான் வேண்டும் அம்மா. நான் அரசுப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்தவன். காலைக் கூட்டத்தில் மயங்கி விழுகிற பிள்ளை, வீட்டுக்குப் போகப் பயந்து பள்ளி வாசலிலேயே இருட்டும்வரை உட்கார்ந்திருக்கிற பிள்ளை, இவர்களைப் பார்த்தவனுக்கு ‘பிள்ளை பெறுவது அவரவர் உரிமை’ என்ற பேச்சு காதில் ஏறாது. திருமணத்துக்குப் பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 என்று வயது வைத்தோம். அதை யாரும் அடக்குமுறை என்று சொல்வதில்லை. பெற்ற பிள்ளையைக் கொடுமை செய்து தண்டனை பெற்றவருக்கு அடுத்த பிள்ளை கிடையாது என்று ஒரு சட்டம் போட்டால் என்ன குறைந்துவிடும்?

பதில் 2: ஊர்ச் செவிலி

தங்கச்சிக்கும் ஐயாவுக்கும் வணக்கம். நான் உசிலம்பட்டிப் பக்கம் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். என் எல்லைக்குள் கர்ப்பிணி இருக்கிற ஒவ்வொரு வீட்டையும் அடுப்படி வரை அறிந்தவள். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அரசு தகுதி எதுவும் வைக்கவில்லை என்று நினைக்காதீர்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி 18,000 ரூபாய். அதில் 14,000 பணமாகவும் மீதி ஊட்டச்சத்துப் பெட்டகமாகவும் வரும். தாய்க்கு 19 வயது ஆகியிருக்க வேண்டும், முதல் இரண்டு பிரசவத்துக்குத்தான் கிடைக்கும். நல்ல எண்ணத்தில் வைத்த விதிதான், மறுக்கவில்லை. ஆனால் மூன்றாவது பிள்ளை எந்த வீட்டில் பிறக்கிறது? இரண்டும் பெண்ணாகப் போய், ஆண் வாரிசு கேட்டு மாமியார் நெருக்குகிற வீட்டில். ரத்தத்தில் ஹீமோகுளோபின் எட்டுக்கு மேல் ஏறாமல் மூச்சு வாங்கிக்கொண்டு களையெடுக்கப் போகிறவளுக்குத்தான் அந்தப் பெட்டகத்துப் பேரீச்சம்பழமும் இரும்புச்சத்து டானிக்கும் இல்லை என்று நான் சொல்லிவிட்டு வர வேண்டியிருந்தது. தண்டனை மாமியாருக்குப் போகவில்லை, வயிற்றில் இருந்த பிள்ளைக்குப் போனது.

நெருக்கடி நிலையின்போது, 1976–77இல், நாடு முழுவதும் ஒரே ஆண்டில் 60 லட்சத்துக்கும் அதிகமானோருக்குக் கருத்தடை அறுவை செய்தார்கள். அது எனக்கு முந்தைய காலம். ஆனால் 1996இல் இலக்கு முறையைக் கைவிடும்வரை, இத்தனை பேரைக் கருத்தடைக்குக் கொண்டுவர வேண்டும் என்று எங்களுக்கும் இலக்கு இருந்தது. மாதக் கூட்டத்தில் எழுந்து நிற்கச் சொல்லி, “எத்தனை கேஸ் கொண்டுவந்தாய்?” என்று கேட்பார்கள். அந்தக் கணக்கில் வசதியான வீட்டுப் பெண்மணி ஒருவரும் வந்ததில்லை. கூலி வேலைக்காரிகளின் பெயர்தான் பக்கம் பக்கமாக இருக்கும். ‘இவருக்குப் பிள்ளை வேண்டாம்’ என்று முடிவு செய்கிற அதிகாரத்தைக் கொடுத்தால் அது யார் வீட்டுப் படி ஏறும், யார் வீட்டைக் கண்டும் காணாமல் போகும் என்பதை நான் பார்த்தாகிவிட்டது.

ஐயா, திருமண வயதைச் சொன்னீர்கள். அந்தச் சட்டம் வேண்டும், அதில் எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை. ஆனால் 18 நிரம்பாத பெண் கர்ப்பமாக வந்தால் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி நாங்கள் போலீசுக்குத் தகவல் கொடுத்தே ஆக வேண்டும். இது தெரிந்த வீட்டார் என்ன செய்கிறார்கள்? பெண்ணை ஆரம்ப சுகாதார நிலையத்துப் பக்கமே காட்டாமல் உறவுக்காரர் ஊருக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஊசி இல்லை, ஸ்கேன் இல்லை, ரத்த அழுத்தம் பார்க்க ஆள் இல்லை. வலி எடுத்த பிறகு ஆட்டோவில் வருவாள். தகுதியில்லாதவர் கர்ப்பமாகக் கூடாது என்று நாளைக்கு ஒரு சட்டம் வந்தால் அத்தனை பேரும் இப்படித்தான் ஒளிவார்கள். பிறந்துவிட்ட பிள்ளையை என்ன செய்வது என்பதற்கு அந்தச் சட்டத்திடம் பதிலும் இருக்காது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்ப் பெயர் பெண் சிசுக்கொலைக்காகப் பத்திரிகையில் அடிபட்ட காலம் உங்களுக்கு நினைவிருக்கும். 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கி, பிறகு மதுரை, தேனி, திண்டுக்கல், தருமபுரி என்று விரிந்தது. பெண் பிள்ளையை வாங்கிக்கொண்டு பெற்றவர்களைத் தப்பவிடுகிறார்கள் என்று அதைக் கண்டித்தவர்கள் உண்டு. நியாயமான கண்டனம்தான். ஆனாலும் கள்ளிப்பாலுக்குப் போக இருந்த உயிர்கள் தொட்டிலுக்குப் போயின.

அந்த நாளில் ஒரு வீடு. இரண்டாவதும் பெண். மூன்றாம் நாள் நான் போனபோது அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். பிள்ளை தனியாகச் சாக்கின் மேல் கிடந்தது. பால் கொடுக்கவில்லை. உங்கள் வீட்டுக்கு வந்த சமூகப் பணியாளர் அன்றைக்கு அங்கே வந்திருந்தால் தகுதியில்லை என்றுதான் எழுதியிருப்பார், வேறு எதையும் எழுத முடியாது. நான் தினமும் போனேன். எடை பார்க்கிறேன் என்று சாக்குச் சொல்லி உட்கார்ந்துகொள்வேன். அவளுடைய அம்மாவை வரவழைத்துத் துணைக்கு வைத்தேன். கணவனை வெளியே அழைத்துப் பேசினேன், மிரட்டவும் செய்தேன். மூன்றாம் மாதம் தடுப்பூசிக்கு வந்தவள், ஊசி போடுவதற்குக்கூடப் பிள்ளையை என் கையில் தர மனமில்லாமல் இடுப்போடு அணைத்துக்கொண்டாள். அந்தப் பிள்ளை இப்போது திருப்பூரில் கணக்கராக இருக்கிறாள். அம்மாவுக்குக் கண் அறுவைச் செலவு முழுவதும் அவள்தான் பார்த்தாள். பிறக்கும் முன்பே வைக்கிற எந்தச் சோதனையில் இது தெரிந்திருக்கும், சொல்லுங்கள்.

தங்கச்சி, உங்கள் வீட்டாய்வு வேறு கணக்கு. அங்கே பிள்ளை ஏற்கெனவே பிறந்து, ஒருமுறை கைவிடப்பட்டு, அரசின் பொறுப்பில் இருக்கிறது. யாரிடம் கொடுக்கிறோம் என்று பார்க்காமல் கொடுத்தால் அது பெரும் குற்றம். உங்களுக்கு வலித்திருக்கும், புரிகிறது. ஆனால் அந்தக் கேள்விகள் அந்தப் பிள்ளைக்காகக் கேட்டவை.

பதில் 3: கோர்ட் வாசல்

செவிலியர் அம்மா சொன்னதோடு சட்டப் பக்கத்தையும் சேர்க்கிறேன். 2009இல் சண்டிகரில் அரசு இல்லத்தில் இருந்த, அறிவுத்திறன் குறைபாடுள்ள ஓர் இளம்பெண் அங்கேயே பாலியல் வன்முறைக்கு ஆளாகிக் கர்ப்பமானார். ஆதரவற்றவர். கருவைக் கலைக்க உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்தப் பெண் குழந்தை வேண்டும் என்றார். உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. பெற்றுக்கொள்வதா வேண்டாமா என்பது அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவு தரும் தனிமனித சுதந்திரத்தில் அடங்கும், அவர் சம்மதம் இல்லாமல் கலைக்க முடியாது என்றது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், முழு அறிதலோடு கூடிய சம்மதம் இல்லாமல் மலட்டுத்தன்மை உண்டாக்கும் சிகிச்சை எதுவும் அவர்களுக்குச் செய்யக் கூடாது என்கிறது.

எதிர்த் தீர்ப்பு ஒன்றும் வரலாற்றில் இருக்கிறது. 1927இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வர்ஜீனியாவின் கேரி பக் என்ற பெண்ணுக்குக் கட்டாயக் கருத்தடை செய்ய அனுமதித்தது. பரம்பரையாக மூளை வளர்ச்சி இல்லாத குடும்பம் என்பது காரணம். அவருடைய மகள் விவியன் பள்ளியில் நன்றாகப் படிப்பவர்கள் பட்டியலில் இடம்பெற்றவள். எட்டு வயதில் நோயில் இறந்துபோனாள். அந்த நாட்டில் 60,000 பேருக்கு மேல் இப்படிக் கருத்தடை செய்யப்பட்டது.

வாத்தியார் ஐயா, குழந்தையைத் தன் பொறுப்பில் வைத்துக்கொண்டு கொடுமை செய்தால் சிறார் நீதிச் சட்டம் 75ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. அந்தப் பிரிவைப் பயன்படுத்தவே ஆளில்லை. அடுத்த சட்டத்துக்கு ஏன் போக வேண்டும்?

வைகைக்கரை

அக்கா, சாக்கின் மேல் கிடந்த பிள்ளையைப் பற்றிப் படித்துவிட்டுக் கணவரிடமும் வாசித்துக் காட்டினேன். பிள்ளை பெற அனுமதிச் சீட்டு என்ற பேச்சை விட்டுவிடலாம். ஆனால் பையனின் கை வீங்கியிருக்கிறதே. நீங்கள் தினமும் ஒரு வீட்டுக்குப் போனீர்கள். எங்கள் தெருவுக்கு யார் வருவார்கள்?

ஊர்ச் செவிலி

அந்த அம்மா கர்ப்பம் என்றால் பிக்மி எண், அதாவது அரசின் கர்ப்பப் பதிவு எண், வாங்கியிருப்பார். அப்படியானால் உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியருக்கு அந்த வீடு தெரியும். நாளைக் காலை அவரைப் பாருங்கள். எடை, ரத்த அழுத்தம் பார்க்கப் போகிறவருக்கு அந்த வீட்டுக் கதவு திறக்கும், போலீசுக்குத் திறக்காது. பையனுக்காக இன்றே குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழையுங்கள். உங்கள் பெயரை வெளியில் சொல்லமாட்டார்கள். வீக்கத்தைப் பார்த்த வகுப்பாசிரியரையும் பேசச் சொல்லுங்கள். குழந்தைகள் நலக் குழுவுக்கு அவர் வாக்கு முக்கியம். தகப்பனைக் குடிநோய் மருத்துவத்துக்குக் கொண்டுபோவது இதற்குப் பிறகு. முதலில் பையனின் கையை எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.