கடற்காற்றில் பழைய பென்ஸ்: திருகோணமலையில் கண்ட கோளாறுகளும் செய்த வேலைகளும்

உவர்மலை டீசல்

டபிள்யூ 123, டபிள்யூ 124 என்ற பழைய பென்ஸ் மாடல்கள் வைத்திருக்கிறவர்கள் கண்டதையும் செய்ததையும் இந்த இழையில் எழுதுங்கோ. வாங்கிய கதையும் விலையும் வேண்டாம். எந்த இடம் பழுதாகும், ஏன், எப்படிச் சரிக்கட்டுவது என்பது போதும். கறளிலிருந்து தொடங்குகிறேன்.

இந்த ஊரில் இந்தக் கார்களின் எஞ்சின் கடைசியாகத்தான் சாகும். அதற்கு முன்னம் உப்பு சட்டத்தைத் தின்னும், வெக்கை றப்பரையும் பிளாஸ்ரிக்கையும் வெடிக்க வைக்கும். வாங்கப் போகிறவர்கள் பொனற்றைத் திறந்து எஞ்சின் சத்தம் கேட்கிறார்கள். முதலில் பாயைப் போட்டுக் காருக்குக் கீழே படுக்க வேண்டும்.

டபிள்யூ 124 இல் ஜாக்கி வைக்கும் நாலு இடங்களும் முதல் சந்தேகம். வட்டமான பிளாஸ்ரிக் மூடியைக் கழற்றி விரலை உள்ளே விட்டுப் பாருங்கோ. பொடியாகக் கறள் வந்தால் பரவாயில்லை, தகடாக உரிந்து வந்தால் உள்ளே வெல்டிங் வேலை காத்திருக்கிறது. 1989 இன் பிற்பகுதிக்குப் பிறகு வந்த கார்களில் கதவின் கீழ்ப்பாதியில் அகலமான பிளாஸ்ரிக் பலகை இருக்கும். வெளியில் பளபளவென்று வடிவாக இருக்கும், அதற்குப் பின்னால் மணலும் உப்பும் ஒரு விரல் தடிப்பில் நிற்கும். வருடத்துக்கு ஒருமுறை அதைக் கழற்றிக் கழுவ வேண்டும். பிடிக்கும் கிளிப் கழற்றும்போது உடையும், ஆகவே புதுக் கிளிப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்குங்கோ.

முன் மட்காட்டுக்கு உள்ளே இருக்கும் பிளாஸ்ரிக் காப்பும் அப்படித்தான். 10 மில்லிமீற்றர் பிளாஸ்ரிக் சுரைகளைக் கழற்றி இறக்கினால் சில்லுக்குப் பின்னால், கதவுப் பக்க மூலையில், ஈரமண் கட்டியாக இருக்கும். மட்காட் கீழிருந்து மேலாக உக்குவதற்குக் காரணம் அந்த மண்கட்டி. முன் மட்காட் போல்ட்டில் பூட்டியது, மாற்றலாம். பின் மட்காட் வெல்டிங், அது உக்கினால் செலவு வேறு.

இனி உப்பைப் பற்றி. காற்றின் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்து நீராகிவிடும். இங்கே இரவில் அந்த அளவு பெரும்பாலும் உண்டு. எனவே டைக் வீதியில் கடலைப் பார்த்து நிற்கும் கார் மழை இல்லாத இரவிலும் உப்புத் தண்ணீரில்தான் நிற்கிறது. வாடைக் காலத்து மழை பாதி உப்பையாவது கழுவிக்கொண்டு போகும். மழை குறைந்த வைகாசி தொடங்கி ஆவணி வரைதான் கூடாத காலம், அப்போது வாரத்துக்கு ஒருமுறை கீழ்ப்பக்கத்தைக் கழுவ வேண்டும். காற்றுப் போகாத பிளாஸ்ரிக் உறையால் மூடாதீர்கள், ஈரம் உள்ளே நிற்கும். ஓலைக் கொட்டில் எவ்வளவோ மேல்.

எந்தத் தண்ணீரில் கழுவுகிறோம் என்பதும் முக்கியம். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் சில கிணறுகள் கோடையில் உவர்க்கும். ஒரு துளியைக் கண்ணாடித் துண்டில் விட்டு வெயிலில் காய வையுங்கோ. வெள்ளைத் தடம் கனமாக விழுந்தால் அந்தத் தண்ணீர் வேண்டாம், குழாய்த் தண்ணீர் பிடியுங்கோ.

கழுவிய பிறகு கீழே பழைய ஒயிலும் டீசலும் கலந்து அடிக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. செய்யவே கூடாது. தகட்டுக்கு அது கொஞ்ச நாள் காப்புத்தான், ஆனால் கீழே மூட்டுகளில் உள்ள புஷ் எல்லாம் இயற்கை றப்பர். ஒயில் பட்டால் ஊதி மெத்தென்றாகி ஒரு வருடத்தில் கிழியும். கறுப்புத் தார்ப்பூச்சும் பிழை. அது வெடித்த இடத்தால் உப்புத் தண்ணீர் உள்ளே போய், வெளியில் தெரியாமல் தின்னும். மெழுகு வகைக் காப்புத்தான் சரி: கீழ்ச் சட்டத்தின் உட்புறத்துக்கு நீண்ட குழாய் பூட்டிய ஸ்பிரே, வெளிப்புறத்துக்குத் தடித்த வகை.

கறள் கண்ட இடத்தில் கம்பி பிரஷ்ஷால் தகடு தெரியும் வரை தேய்த்து, பொஸ்பாரிக் அமிலம் உள்ள கறள் மாற்றி பூசி ஒரு நாள் விடுங்கோ. பிறகு நல்ல தண்ணீரால் கழுவி, முற்றாகக் காய்ந்த பின்னரே எபொக்சி பிரைமர். அமிலம் மிச்சம் இருக்க எபொக்சி அடித்தால் ஆறு மாதத்தில் கொப்புளம் போடும். தகடு வேலை செய்யும் ரின்கரிங் பாஸ் அவசரப்பட்டாலும் நீங்கள் பக்கத்தில் நின்று கழுவச் சொல்லுங்கோ.

சாம்பல்தீவு

அண்ணை சொன்னதோடு தண்ணீர் வடிகிற ஓட்டைகளையும் சேருங்கோ. இங்கே வேப்பமரத்துக்குக் கீழேதான் எல்லாரும் கார் விடுகிறோம். கண்ணாடிக்கு முன்னால் உள்ள வைப்பர்க் கிடங்கில் வேப்பிலை விழுந்து உக்கிச் சேறாகி வடிகாலை அடைக்கும். மழை பெய்தால் தண்ணீர் கால் மிதிக்குள் இறங்கும், பற்றரித் தட்டும் உக்கும். சன்ரூப் இருந்தால் நாலு மூலையிலும் நாலு குழாய். பழைய வேகமானிக் கேபிளின் உள்கம்பியை மெதுவாகச் சுழற்றி விட்டுச் சுத்தம் செய்யலாம். காற்று அடிக்காதீர்கள், குழாய் மூட்டிலிருந்து கழன்றுவிடும். பிறகு கூரை முழுவதையும் இறக்கினால்தான் திரும்பப் பூட்டலாம்.

அடுத்தது பியூஸ். இந்தக் கார்களில் இரண்டு முனையும் கூரான சின்னப் பியூஸ்கள், வெள்ளை 8 அம்பியர், சிவப்பு 16 அம்பியர். அலுமினிய வகை உப்புக்காற்றில் முனையில் வெள்ளை பூத்து மின் ஓட்டத்தைத் தடுக்கும். பியூஸ் எரியாமலே வைப்பர் நிற்கும், ஹோர்ன் அடிக்காது. விரலால் உருட்டிவிட்டால் வேலை செய்யும், அதுவே நோயின் அடையாளம். முழுவதையும் செப்புப் பியூஸுக்கு மாற்றுங்கோ. மாற்றும்போது பிடிக்கும் தகடுகளை மெல்லிய உப்புத்தாளால் ஒருமுறை தேய்த்துவிட்டால் பாதிக் கரண்ட் கோளாறு அன்றே தீரும்.

பெற்றோல் டபிள்யூ 124 இல் ஏபிஎஸ் பிரேக் விளக்கு எரிந்துகொண்டு ஐட்லிங்கும் ஆடினால் இரண்டுக்கும் தனித்தனியாகப் பார்ட்ஸ் வாங்காதீர்கள். மின்னழுத்தக் காப்பு ரிலே ஒன்று பற்றரிக்குப் பின்னால் இருக்கும், மேலே சிவப்புப் பியூஸ் தெரியும். உள்ளே ஈயப்பற்று வெடித்திருக்கும். திறந்து திரும்பப் பற்றவைத்தால் பெரும்பாலும் சரி.

பாலையூற்று

வெக்கைக்கு வருவோம்.

ரேடியேற்றரின் மேல் ஹோஸ் பூட்டும் பிளாஸ்ரிக் கழுத்து டபிள்யூ 124 இன் பலவீனம். பத்துப் பதினைந்து வருடத்தில் பிஸ்கட் போல ஆகி, ஒருநாள் முன்னறிவிப்பில்லாமல் முறியும். ஹபரணைக் காட்டுக்குள் முறிந்தால் தண்ணீர் முழுவதும் ஒரு நிமிடத்தில் போய்விடும். கிளிப்பை மிஞ்சி இறுக்குவது முறிவை விரைவாக்கும். கழுத்தின் உள்ளே உலோக வளையம் உள்ள புதிய வகை ரேடியேற்றர் வாங்குங்கோ. 123 டீசலின் எஞ்சின் தலை வார்ப்பிரும்பு, கொஞ்சம் கொதித்தாலும் தாங்கும். 124 டீசலின் தலை அலுமினியம், ஒருமுறை கொதித்தாலே வளையும் அல்லது வெடிக்கும். மானி 80 க்கும் 100 க்கும் இடையில் ஆடுவது இயல்பு. 110 ஐத் தாண்டினால் ஏசியை நிறுத்தி, ஹீற்றரை முழுச் சூட்டில் திறந்து ஓரங்கட்டுங்கோ. சிவப்பு வரை பொறுத்திருக்கக் கூடாது.

இங்கே உறைபனி இல்லை, கூலன்ற் என்ற பச்சை நிறத் தண்ணி எதற்கு என்று கேட்கிறார்கள். அது உறையாமல் இருக்க மட்டும் அல்ல, அலுமினியத்தை அரிக்காமல் காப்பதற்கும் தண்ணீர்ப் பம்பின் சீலுக்கும் வேண்டும். கிணற்றுத் தண்ணீர் ஊற்றினால் உள்ளே சுண்ணாம்பு படிந்து ரேடியேற்றர் அடைபடும். வடித்த தண்ணீரும் கூலன்ற்றும் பாதிக்குப் பாதி. மாற்றும்போது ரேடியேற்றர் அடியைத் திறந்தால் மட்டும் போதாது, எஞ்சின் கட்டைக்குள் பெரும் பங்கு நிற்கும். கட்டையின் பக்கத்தில் உள்ள வடிபோல்ட்டையும் கழற்ற வேண்டும். நிரப்பும்போது ஹீற்றரைத் திறந்து வைத்தால் காற்று வெளியேறும்.

சூடேறும்போது காத்தாடியைப் பிடித்துச் சுழற்றும் கிளச்சைப் பார்க்கிற முறை: எஞ்சின் நன்றாகச் சூடான பின் நிறுத்தி, காத்தாடியைக் கையால் சுழற்றுங்கோ. கையை எதிர்த்து இறுக்கமாகச் சுற்ற வேண்டும். தாராளமாகச் சுழன்றால் கிளச்சின் சிலிக்கோன் ஒயில் போய்விட்டது. சூடாக இருக்கும்போது எஞ்சின் ஓட விட்டுக் கை வைக்காதீர்கள்.

ஏசி குளிரவில்லை என்றால் உடனே காஸ் அடிக்க ஓடுகிறோம். அதற்கு முன்னம் ஒரு சோதனை. ஹீற்றருக்குப் போகும் றப்பர் ஹோஸைத் துணி சுற்றிக் கிளாம்பால் நசுக்கி, ஐந்து நிமிடம் ஓட விடுங்கோ. காற்று சட்டென்று குளிர்ந்தால் காஸில் குறை இல்லை. ஹீற்றருக்குப் போகும் சுடுநீரை மின்சாரத்தால் மூடும் வால்வு பழுது. அதற்கு மின்சாரம் வந்தால்தான் மூடும், வராவிட்டால் திறந்தே இருக்கும். குளிர்நாட்டில் அது பாதுகாப்பு, இங்கே தண்டனை. உள்ளே இருக்கும் றப்பர்ச் சவ்வு கிழிந்திருக்கும், அல்லது அதன் பியூஸ் போயிருக்கும். பல மாடல்களில் நாலு திருகாணியைக் கழற்றி உள்பாகத்தை மட்டும் மாற்றலாம், அரை மணி வேலை. இதைப் பாராமல் டாஷ்போர்ட்டைக் கழற்றி, காற்றைக் குளிராக்கும் எவப்பரேற்றரை மாற்றினால் இரண்டு நாள் கூலியும் போகும், காற்றும் சூடாகவே வரும்.

1993 முதல் 1995 வரையான பெற்றோல் இ 220, இ 280, இ 320 வாங்குகிறவர்கள் எஞ்சின் வயர்க்கட்டை அவசியம் பாருங்கோ. அந்த ஆண்டுகளில் போட்ட வயரின் மேலுறை சூட்டில் உதிர்கிறது. கறுப்புக் குழாயைக் கொஞ்சம் விலக்கி ஒரு வயரை மெதுவாக வளைக்க, உறை பொரிவிளாங்காய் போல நொறுங்கினால் அந்தக் காரை ஓட்டாதீர்கள். இரண்டு வயர் முட்டினால் கட்டுப்பாட்டுப் பெட்டியே எரியும்.

கிண்ணியா ஐந்து சிலிண்டர்

சாவியைத் திருப்பினாலும் டீசல் நிற்கவில்லை என்று பலரும் பயப்படுகிறார்கள். பயம் வேண்டாம். பொனற்றைத் திறந்து இன்ஜெக்ஷன் பம்பின் பக்கத்தில் உள்ள 'ஸ்டொப்' நெம்பை அழுத்தினால் நிற்கும். இந்த எஞ்சின் வெற்றிட இழுப்பால் நிறுத்தப்படுகிறது, எங்கேயோ காற்றுக் கசிவு இருக்கிறது என்று அர்த்தம். 123 இல் கதவுப் பூட்டும் அதே வெற்றிடத்தில்தான் ஓடுகிறது, ஆகவே பின்கதவில் கிழிந்த ஒரு சவ்வு எஞ்சினை நிறுத்த விடாது. கதவுக்குப் போகும் குழாயைக் கழற்றி அடைத்துப் பாருங்கோ. எஞ்சின் ஒழுங்காக நின்றால் கோளாறு கதவில். 124 இல் கதவுப் பூட்டுக்குத் தனி மின்பம்ப் உண்டு, அங்கே தேடிப் பயனில்லை. சாவிப் பூட்டுப் பக்கக் குழாயில் ஒயில் கண்டால் இன்ஜெக்ஷன் பம்பிலுள்ள நிறுத்தும் சவ்வு கிழிந்துவிட்டது.

வெற்றிடப் பம்பை இன்னும் கவனமாகப் பாருங்கோ. 124 டீசலின் 602, 603 எஞ்சின்களில் அதன் பெயாரிங் உடைந்தால் குண்டுகள் ரைமிங் செயின் அறைக்குள் விழும். எஞ்சின் அதோடு சரி. முன்பக்கத்தில் தட்டுகிற சத்தம், பிரேக் மிதி கல்லாக இறுகுவது இரண்டும் முன்னெச்சரிக்கை. பிரேக்கும் இந்தப் பம்பில்தான் தங்கியிருக்கிறது. மிதி இறுகிய காரை ஓட்டிக்கொண்டு கராஜுக்குப் போகாதீர்கள், திருத்துகிற பாஸை வீட்டுக்குக் கூப்பிடுங்கோ.

123 டீசலுக்கு வால்வு இடைவெளி பார்ப்பதை இங்கே பலரும் மறக்கிறார்கள். எஞ்சின் குளிர்ந்திருக்க உள்வாங்கி 0.10, வெளியேற்றி 0.30 மில்லிமீற்றர், 24,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை. தேய்மானத்தால் இடைவெளி குறைந்துகொண்டே வரும், கடைசியில் வால்வு முழுதாக மூடாமல் கொம்பிரஷன் போகும். 14 மில்லிமீற்றர் ஸ்பானர் இரண்டு வேண்டும், வளைந்த வகை என்றால் வசதி. 124 டீசலில் ஹைட்ரோலிக், ஒழுங்குபடுத்த எதுவும் இல்லை. நல்ல ஒயில் மட்டும் போதும்: 15டபிள்யூ 40, 250 டிக்கு 7 லீற்றர் அளவில், 5,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை.

ஆறாம் கட்டை

என்னுடையது 250 டி. காலையில் ஸ்டார்ட் பண்ணினால் வெள்ளைப் புகையும் ஆட்டமும், அரை நிமிடத்தில் சரியாகிறது. சில நாள் புகை இல்லை, ஆனால் நீண்ட நேரம் சுற்ற வேண்டியிருக்கிறது. கிண்ணியா நானா, இது ஒரே கோளாறா?

கிண்ணியா ஐந்து சிலிண்டர்

இரண்டு கோளாறு தம்பி.

வெள்ளைப் புகையும் ஆட்டமும் குளோ பிளக்: குளிர்ந்த எஞ்சினைச் சூடாக்கித் தொடக்குவது, சிலிண்டருக்கு ஒன்று. நம் ஊர் வெக்கையில் ஐந்தில் ஒன்று செத்தாலும் கார் எடுபடும், அதனால்தான் கோளாறு மாதக்கணக்கில் மறைந்திருக்கும். ரிலேயிலிருந்து பெரிய இணைப்பைக் கழற்றி, ஒவ்வொரு முனைக்கும் எஞ்சினுக்கும் இடையில் மீற்றர் வையுங்கோ. ஒரு ஓமுக்குக் கீழே காட்டினால் நல்லது, ஒன்றும் காட்டாவிட்டால் செத்தது. ஐந்தும் செத்ததாகத் தோன்றினால் பிளக்கைக் கழற்றாமல் ரிலேக்குள் இருக்கும் 80 அம்பியர் தகட்டுப் பியூஸைப் பாருங்கோ, உப்பில் வெடித்திருக்கும். பிளக் கழற்ற முதல்நாள் மாலை ஊடுருவும் எண்ணெய் விட்டு, எஞ்சின் இளஞ்சூட்டில் திருப்புங்கோ. பலவந்தமாகத் திருப்பினால் முறியும். துளையில் உள்ள கரியைச் சுரண்டாமல் புதிதைப் போட்டால் அதுவும் சீக்கிரம் எரியும். இறுக்கம் 20 நியூட்டன் மீற்றர்.

புகையில்லாமல் நீண்டு சுற்றுவது எரிபொருள் வழியில் காற்றுப் புகுவது. இன்ஜெக்டர்களுக்கு இடையில் நூல் பின்னிய சின்னக் குழாய் இருக்கும், உள்விட்டம் 3.2 மில்லிமீற்றர். வெக்கையில் வெடித்து விரலில் டீசல் ஈரம் படும். ஒரு மீற்றர் வாங்கி எல்லாத் துண்டையும் ஒரேயடியாக வெட்டிப் போடுங்கோ, கடைசி இன்ஜெக்டரின் அடைப்புத் தொப்பியையும் மாற்றுங்கோ. அதிலும் தீராவிட்டால் இரண்டு டீசல் பில்டரும்: கண்ணாடி போன்ற சின்னது, இரும்புப் பெரியது. பெரியதில் டீசல் நிரப்பிப் பூட்டினால் சுற்றும் நேரம் குறையும்.

பத்துப் பதினைந்து நிமிடம் ஓடி இழுவை குறைந்து, நிறுத்தி வைத்தால் திரும்ப வருகிறது என்றால் அது வேறு: டீசல் தாங்கியின் அடியில் உள்ள வலை அடைப்பு. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கலன்களில் சேர்த்த டீசல் ஊற்றிய தாங்கிகளில் கறுப்புச் சளி படிந்திருக்கிறது. மண்ணெண்ணெய் கலந்து ஓட்ட வேண்டாம், பம்பின் பிளஞ்சருக்கு டீசலின் வழுக்கு வேண்டும்.

உவர்மலை டீசல்

பார்ட்ஸ் கேட்பவர்களுக்கு: கொழும்பில் பார்ட்ஸ் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தைக்குத் தொலைபேசி எடுக்கும்போது "பென்ஸ் 250" என்று சொன்னால் பிழையான சாமான்தான் இரவு பஸ்ஸில் வரும். காரின் சட்டத்தில் பொறித்த இலக்கத்தின் (சசி நம்பர்) நான்காம் எழுத்திலிருந்து ஆறு இலக்கம் வாசியுங்கோ. 124120 என்றால் 200 டி, 124125 என்றால் 250 டி, 124130 என்றால் 300 டி. 123123 என்றால் 240 டி.

இன்னொன்று, சில்லு. அலோய் சில்லு உப்பால் ஹப்பில் ஒட்டிக்கொள்ளும், ரயர் பஞ்சரானால் ஐந்து போல்ட்டைக் கழற்றியும் சில்லு வராது. வீட்டில் இருக்கும்போதே ஒவ்வொன்றாகக் கழற்றி, நடு வட்டத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து மெல்லிய கிறீஸ் தடவுங்கோ. போல்ட்டின் மரையில் கிறீஸ் வேண்டாம். 110 நியூட்டன் மீற்றரில் குறுக்கு வரிசையில் இறுக்கி, 50 கிலோமீற்றர் ஓடிய பிறகு திரும்ப ஒருமுறை பாருங்கோ.