க்ரீம் துணியில் சாயம் இறங்கிவிட்டது: இலையுதிர்கால நிறங்களில் குயில்ட் தைத்தவர்கள் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

நூல்கண்டு:

துணித் துண்டுகளை இணைத்து, உள்ளே பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வைதானே குயில்ட், என்னுடையதில் மேப்பிள் இலை பிளாக் (துண்டுகள் சேர்த்துத் தைத்த சதுரம்), 12 இஞ்ச், மொத்தம் 30. பின்னணி முழுக்க க்ரீம். இலைகள் துருநிறம், கடுகு மஞ்சள், செம்மண் நிறம், சருகுப் பழுப்பு. தைத்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஒரு பிளாக்குக்கு இரண்டு முக்கோணம் சேர்ந்த கட்டம் நாலு என்றால் 30 பிளாக்குக்கு 120. அத்தனையையும் நாலரை இஞ்சுக்குச் சீவி, தையலை இருண்ட துணிப் பக்கம் மடித்துத் தேய்த்து, ஒரு இலை நுனிகூட மழுங்காமல் சேர்த்தேன். நாலு மாத வேலை.

துணிகளை வெட்டும் முன்பே நனைத்து அலசித்தான் வைத்திருந்தேன். கடைசி இலைக்குத் துணி போதவில்லை. அலமாரியில் நல்ல அரக்கு நிறத்தில் ஒரு துணி கிடைத்தது. அந்த வரிசைக்கு அப்படி ஒரு அழுத்தமான நிறம் தேவையாகவும் இருந்தது. மனதுக்குப் பிடித்துப்போய் சுற்று விளிம்பை மூடும் பட்டையான பைண்டிங்கும் அதிலேயே போட்டேன். அதை மட்டும் நனைக்கவில்லை.

நேற்று முதல் சலவை. மெஷினிலிருந்து எடுத்து ஈரத்தோடு தூக்கிப் பிடித்தேன். மேல் வரிசையில் மூன்றாவது பிளாக். அரக்கு இலைக்குப் பக்கத்தில், க்ரீம் துணியில், ரோஸ் நிறத்தில் இன்னொரு இலை. அதே கூர்முனைகள், ஆனால் ஓரமெல்லாம் கலங்கி, தண்ணீரில் தெரியும் நிழல் மாதிரி. நாலு விளிம்பிலும் விரல் அகலத்துக்கு ரோஸ் கோடு.

அந்த இரண்டாவது இலை கண்ணை விட்டுப் போகவில்லை. குயில்ட் இன்னும் ஈரமாகத் தொட்டியில்தான் கிடக்கிறது. தொடவே மனசு வரவில்லை. உங்களுக்கு இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

ஊசிமுனை:

ஐயோ, படிக்கும்போதே வயிற்றைப் பிசைகிறது. முதலில் ஒன்று: காய வைத்துவிடாதீர்கள், இஸ்திரிப் பெட்டியைப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். ஈரமாக இருக்கும்வரை வழி உண்டு.

என் கதை சாயம் இல்லை. எனக்குப் பிடித்த இலையுதிர் நிறங்கள் அத்தனையும் ஒரே குயில்ட்டில் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஆரஞ்சு, துரு, செங்கல், தேன் நிறம், பழுப்பு. இலையும் அதில், பின்னணியும் அதில். எது இருண்டது, எது வெளிறியது என்று பார்க்கச் சிவப்புக் கண்ணாடித் தாள் வைத்துப் பார்ப்பார்களே, அதையும் செய்தேன். எல்லாமே நன்றாகத்தான் தெரிந்தது.

20 பிளாக் முடித்துத் தரையில் பரப்பி, நாற்காலி மேல் ஏறி நின்று பார்த்தேன். இலையைக் காணோம். ஒரு இலைகூட இல்லை. பழுப்பில் ஒரு பெரிய பாய் விரித்த மாதிரி இருந்தது. போனில் படம் எடுத்துக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றினேன். மேலிருந்து கீழ்வரை ஒரே சாம்பல். நிறம் வேறு வேறாக இருந்ததே தவிர, அடர்த்தி எல்லாம் ஒன்று. அந்தச் சாம்பல் படம் இன்னும் போனில் இருக்கிறது. அழிக்கவில்லை.

அப்புறம்தான் புரிந்தது, சிவப்புத் தாள் வழியாகப் பார்த்தால் சிவப்பும் ஆரஞ்சும் வெளிறித்தான் தெரியும். பச்சை, நீலத் துணிகளுக்கு அந்தத் தாள் உதவும். நம் இலையுதிர் நிறங்களுக்கு அது சரிப்படாது. 11 பிளாக்கைப் பிரித்துப் பின்னணியை வெளிர் கோதுமை நிறத்துக்கு மாற்றினேன்.

முடிச்சு:

நான் இருபது வருடமாகத் தைக்கிறேன். ஒரு தடவைகூட சாயம் போனதில்லை. புதுத்துணி வந்ததும் உப்பும் வினிகரும் கலந்த தண்ணீரில் ஓர் இரவு ஊறப்போடுவேன், அவ்வளவுதான். நூல்கண்டு இதைச் செய்திருந்தால் இந்தக் கஷ்டமே இல்லை.

எனக்கு நடந்தது வேறு. இலைகளை ஒட்டித் தைக்கும் அப்ளிக் வேலை. பசைத்தாளின் பின்பக்கம் வரைந்து, துணியில் ஒட்டி, வெட்டி, தேய்த்து முடித்துப் பார்த்தால் காம்பெல்லாம் எதிர்ப்பக்கம். வலதுபக்கம் காற்றடித்துப் பறக்க வேண்டிய இலைகள் இடதுபக்கம் பறந்தன. பசைத்தாளில் படம் கண்ணாடியில் பார்ப்பது போலத் திரும்பித்தான் விழும். 40 இலை, ஒரே திசை, தப்பான திசை.

நீர்வண்ணம்:

முடிச்சு அண்ணா, கோபித்துக்கொள்ளாதீர்கள், அந்த உப்பு வினிகர் விஷயத்தில் நான் ஒத்துப்போகவில்லை. வினிகர் கம்பளிக்கும் பட்டுக்கும் போடும் அமிலச் சாயங்களில் வேலை செய்யும். பருத்தித் துணியில் இப்போது பெரும்பாலும் ரியாக்டிவ் சாயம். அது இழையோடு வேதிமுறையில் பிணைகிறது, பிணைவதற்குக் காரத்தன்மை வேண்டும், அமிலம் அல்ல. உப்பும் சாயம் போடும் நேரத்தில் சாயத்தை இழைப் பக்கம் தள்ளிவிட உதவும். சாயம் போட்டு முடித்து விற்பனைக்கு வந்த துணியில் உப்பு எதையும் கட்டிப்போடாது. உங்களுக்குச் சாயம் போகாததற்குக் காரணம் அந்த ஊறல்தான் என்று நினைக்கிறேன். ஒட்டாமல் நின்ற சாயம் தண்ணீரோடு வெளியே போயிருக்கிறது. வெறும் தண்ணீரே அதைச் செய்திருக்கும்.

நூல்கண்டு, நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் இதற்கு நேரம் முக்கியம். உங்கள் அரக்குத் துணியில் இழையோடு பிணையாத சாயம் மிச்சம் இருக்கிறது. அது தண்ணீரில் இறங்கியது, கொஞ்சம் தண்ணீரில் நெருக்கமாகக் கிடந்ததால் பக்கத்துத் துணியில் போய் உட்கார்ந்தது. உட்கார்ந்ததைக் கிளப்பி, மறுபடி உட்கார விடாமல் தண்ணீரிலேயே மிதக்க வைக்க வேண்டும். பெரிய தொட்டி, குயில்ட் முழுக்க மூழ்கி மேலே இன்னும் ஒரு சாண் தண்ணீர். குழாயில் வருவதில் எவ்வளவு சூடோ அவ்வளவு, 60 டிகிரி செல்சியஸ் கிடைத்தால் மிக நல்லது. பாத்திரம் கழுவும் திரவ சோப்பு, சாயமோ வெளுப்பானோ இல்லாததாகப் பார்த்து, அரைக் கோப்பை. குயில்ட்டின் எந்த மூலையும் தண்ணீருக்கு மேலே தலைநீட்டக் கூடாது. நீட்டினால் சாயம் அங்கே ஏறி, காயும் இடத்தில் கோடாக நின்றுவிடும். கனமான தட்டு எதையாவது மேலே வைத்து அமுக்குங்கள். 12 மணி நேரம் அப்படியே விடுங்கள்.

காலையில் ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் அந்தத் தண்ணீரை மொண்டு பாருங்கள். ரோஸ் தெரிந்தால் கொட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து. கிண்ணத்தில் தண்ணீர் தெளிவாகும்வரை. இரண்டு தடவையில் முடியலாம், ஐந்தும் ஆகலாம். நடுவில் கசக்க வேண்டாம், பிழிய வேண்டாம், தூக்கும்போது அடியில் கை கொடுத்து மொத்தமாகத் தூக்குங்கள். ஈரக் குயில்ட்டின் எடையைத் தையல் தாங்காது. எல்லாம் முடிந்த பிறகு மெஷினில் போடும்போது சாயம் பிடிக்கும் தாள் இரண்டு போட்டுக்கொள்ளுங்கள். வெளுப்பான் எந்தக் கட்டத்திலும் வேண்டாம்.

என் அனுபவம் இவ்வளவுதான்: குங்குமச் சிவப்பு, வெள்ளைப் பின்னணி, ஆறு தடவை ஊறல். ஆறாவது நாள் அதிகாலை கிண்ணத்தில் மொண்ட தண்ணீரில் கிண்ணத்தின் அடி தெரிந்தது. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

இலைக்காம்பு:

நான் நிறத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பல வருடம் மஞ்சள் இலை என்றால் மஞ்சள் துணி, சிவப்பு இலை என்றால் சிவப்புத் துணி என்றுதான் தைத்தேன். ஒருநாள் கீழே விழுந்த இலை ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். ஓரம் எரிகிற ஆரஞ்சு, உள்ளே வர வர மஞ்சள், நரம்பை ஒட்டி மட்டும் மெல்லிய பச்சை. பச்சையம் எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் போவதில்லை. அந்த மஞ்சள் புதிதாக வந்ததும் இல்லை. கரோட்டினாய்டு இலைக்குள் முன்பே இருந்தது, பச்சை விலகியதும் தெரிகிறது. சிவப்புதான் புதிது, ஆந்தோசயனினை இலை அந்தக் கடைசி வாரங்களில்தான் உண்டாக்குகிறது.

அன்றைக்கு மெஷினில் துணியை இழுக்கும் பல்லை இறக்கிவிட்டு, துணியை எந்தப் பக்கமும் நகர்த்தித் தைக்க உதவும் டார்னிங் ஃபுட் மாட்டி, அதுவரை ஆரஞ்சு நூலில் ஓட்டிக்கொண்டிருந்த நரம்புகளை மங்கிய பச்சை நூலில் ஓட்டினேன். நடு நரம்பு, அதிலிருந்து பிரியும் கிளைகள், நுனிக்குப் போகும் முன்பே நூலை நிறுத்திவிடுவது. துணி அதேதான், ஆனால் இலை உயிரோடு எழுந்து வந்தது.

அதை அம்மாவுக்குக் கொடுத்தேன். அவருக்குப் பார்வை மிகவும் மங்கிவிட்டது. மடியில் வைத்து விரலால் நரம்பு வழியே தடவிக்கொண்டே போய், நூல் நின்ற இடத்தில் விரலை நிறுத்தி, "இங்கே இருந்து காய்ஞ்சிடுச்சா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லக்கூட எனக்குக் குரல் வரவில்லை.

பழம்பெட்டி:

ஊசிமுனை சொன்னதில் பாதியைத்தான் ஏற்றுக்கொள்வேன். இலை தனியாகத் தெரிந்தே ஆக வேண்டும் என்று யார் சொன்னது? தரையில் கிடக்கும் சருகுக் குவியலில் எந்த இலையும் தனியாகத் தெரிவதில்லை. உற்றுப் பார்த்தால் ஒவ்வொன்றாக வெளியே வரும். அப்படி ஒரு குயில்ட் என்னிடம் இருக்கிறது, அடர்த்தியெல்லாம் கிட்டத்தட்ட ஒன்று, பார்க்கப் பார்க்க ஆழமாகும். நீங்கள் 11 பிளாக்கைப் பிரித்தது எனக்கு வருத்தம்தான்.

நான் சொல்ல வந்தது இன்னொன்று. 19-ம் நூற்றாண்டுக் குயில்ட் ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு ஒருமுறை கிடைத்தது. ரோஸ், நீலம், வெள்ளைத் துண்டுகள் உறுதியாக இருந்தன. பழுப்புத் துண்டுகள் மட்டும் இல்லை. கிழிந்திருக்கவில்லை, இல்லவே இல்லை. சுற்றிலும் தையல் அப்படியே நிற்கிறது, ஒவ்வொரு தையலும் ஓரத்தில் இரண்டு மூன்று பழுப்பு இழையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, நடுவில் உள்பஞ்சு தெரிகிறது. அந்தக் காலத்தில் கரும்பழுப்பு வருவதற்கு இரும்பு உப்பும் டானின் என்ற துவர்ப்புப் பொருளும் சேர்த்துச் சாயம் போட்டார்கள். அந்த இரும்பு பருத்தி இழையை உள்ளிருந்தே அரித்துப் பொடியாக்கிவிடுகிறது. தைத்தவர் எந்தத் தவறும் செய்யவில்லை. ஒரு இஞ்சுக்குப் பத்துக்குக் குறையாத தையல், கையால்.

அந்த ஓர இழைகள்தான் இன்னும் என்னைப் படுத்துகின்றன. இன்றைய பழுப்புக்கு இந்தப் பயம் வேண்டாம். ஆனால் யாராவது வீட்டில் இலைப்பதிவு, இரும்புத் தண்ணீர் என்று சாயம் போட்டுத் தைக்கப்போவதாக இருந்தால், இரும்பை மிகக் குறைவாகப் போட்டு நன்றாக அலசிவிடுங்கள்.

ஊசிமுனை:

பழம்பெட்டி, உங்கள் குயில்ட்டில் ஏதோ ஒரு இடத்தில் வேறு நிறம் இருக்கும் என்று நினைக்கிறேன். என்னுடையதில் அதுவும் இல்லை. பிரித்துத் தைத்தபோது ஒரே ஒரு மயில் நீல இலையை ஓரமாக வைத்தேன், சுற்றியிருந்த ஆரஞ்செல்லாம் அப்போதுதான் பற்றிக்கொண்டது. அதை முதலிலேயே வைத்திருந்தால் பிரிக்க வேண்டியிருந்திருக்காது. அந்த அளவுக்கு நீங்கள் சொல்வது சரி.

கருந்துணி:

சுருக்கமாக. கரும்பழுப்பு, கறுப்பு, கத்தரிப்பூ நிறம், இந்த மூன்றில் இரவு நேரத்து இலையுதிர்காலம் என்று ஒன்று தைத்தேன். உள்ளே வெள்ளை பாலியஸ்டர் பஞ்சு. ஒரே மாதத்தில் கறுப்புத் துணி வழியாக வெள்ளை முடி முளைத்தது, ஊசி போட்ட துளை ஒவ்வொன்றிலும். பிடுங்கினேன். பிடுங்கினால் பின்னாலேயே இன்னும் நீளமாக வருகிறது. இருண்ட துணிக்குக் கறுப்பு உள்பஞ்சு விற்கிறார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. இப்போதும் பக்கத்தில் போனால் பனி படிந்த மாதிரி இருக்கிறது.

நூல்கண்டு:

நீர்வண்ணம், நீங்கள் எழுதிய அன்றிரவே தொட்டியை நிரப்பினேன். முதல் காலை தண்ணீர் அடர்ந்த ரோஸ். இரண்டாவது காலை அதில் பாதி. நாலாவது காலை வெள்ளைக் கிண்ணத்தில் எதுவும் தெரியவில்லை. நம்பாமல் ஜன்னல் பக்கம் கொண்டுபோய் மறுபடி பார்த்தேன்.

இலையின் நிழல் போய்விட்டது. காம்புக்குக் கீழே, தையல் இரண்டு சேரும் இடத்தில் மட்டும் நகத்தளவு ரோஸ் நிற்கிறது. துணி அங்கே நாலு மடிப்பு, சோப்புத் தண்ணீர் உள்ளே போகவில்லை போல. அந்த பிளாக்கைப் பிரிக்கப்போவதில்லை.

பைண்டிங்கைப் பிரித்துவிட்டேன். இரண்டரை இஞ்ச் பட்டையாகக் கடுகு மஞ்சளில் வெட்டி, இந்தத் தடவை வெந்நீரில் மூன்று முறை அலசி, மறுபடி தைத்துக்கொண்டிருக்கிறேன். முன்பக்கம் மெஷின், பின்பக்கம் கைத்தையல். மூன்று பக்கம் முடிந்தது.