கும்பிட்டுக் கும்பிட்டும் சாமியிடமிருந்து பதிலே இல்லை, நீங்கள் எப்படித் தாங்கினீர்கள்?

ஈசூன்காரன்:
ஆட்குறைப்பில் வேலை போய் எட்டு மாதம். அம்மாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்து, இங்கே சிங்கப்பூரில் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை வெறுங்காலோடு நடந்தேன், முருகா ஒரு வழி காட்டு என்ற ஒரே வேண்டுதல்தான், மறுவாரமே நேர்காணலுக்குக் கூப்பிட்ட ஒரே இடமும் கையை விரித்துவிட்டது. தினமும் விளக்கேற்றுகிறேன். படத்துக்குப் பின்னால் சுவர் மட்டும்தான் இருக்கிறதோ என்று தோன்றுகிறது. "எல்லாம் நன்மைக்கே" என்று மட்டும் எழுதாதீர்கள், காது புளித்துவிட்டது.

தேவாரப்பித்தன்:
தம்பி, கோபம் வந்தால் திட்டிவிடுங்கள். தேவாரம் பாடிய சுந்தரரே சிவனைத் திட்டியிருக்கிறார். உன்னைப் பிரிய மாட்டேன் என்று மனைவி சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறித் திருவொற்றியூரை விட்டுக் கிளம்பியதும் அவருக்கு இரண்டு கண்ணும் போய்விட்டது (உங்கள் மேல் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை). வெண்பாக்கத்தில் 'கோயிலில் இருக்கிறாயா' என்று கேட்டால் சிவன் ஊன்றுகோல் ஒன்றைக் கொடுத்து 'உளோம் போகீர்' என்கிறார். இருக்கிறோம், போம். பார்வை கேட்டவருக்குக் கம்பு! அப்புறம் காஞ்சியில் ஒரு கண், மற்றதற்குத் திருவாரூர் வரை நடை. அங்கே 'வாழ்ந்து போதீரே' என்று பாடினார். நீரே நன்றாக இரும் என்று நாம் சண்டை போட்டுவிட்டுக் கிளம்புவோமே, அதே தொனி. அதையும் தேவாரம் என்றுதான் ஓதுகிறோம்.

பிடோக் ஆன்ட்டி:
நான் கிறிஸ்தவள், குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் வீட்டுக்காரர் ஐசியூவில் கிடந்த 19 நாளும் பைபிளில் யோபுவின் கதைதான் படித்தேன், குற்றம் செய்யாமலே எல்லாவற்றையும் இழந்தவர். யோபுவிடம் கர்த்தர் பேசுவதே 38ஆம் அதிகாரத்தில்தான். சிநேகிதர்கள் ஏழு நாள் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள், அதுவரை நல்லவர்கள், வாயைத் திறந்ததும் நீதான் பாவம் செய்திருப்பாய் என்று ஆரம்பித்துவிட்டார்கள். கடைசியில் கர்த்தர் கோபப்பட்டது அவர்கள் மேல், புலம்பிய யோபு மேல் அல்ல. எனக்கு அப்படிக் கூட உட்கார்ந்தவர் எதிர்வீட்டு மலாய்க்கார அக்கா. ஒரு வார்த்தை பேச மாட்டார், பிளாஸ்க்கில் தே ஓ (பாலில்லாத தேநீர்) கொண்டு வருவார். வீட்டுக்காரர் பிழைக்கவில்லை. ஏன் என்று இன்னும் தெரியாது, ஞாயிற்றுக்கிழமையானால் கோயிலுக்குப் போகிறேன்.

புளோக்_347:
டயாலிசிஸ் மையத்தில் மருத்துவ சமூக ஊழியரிடம் பேசினீர்களா? சமூக சேவை அலுவலகத்தில் காம்கேர் (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசாங்க உதவி) பற்றியும் கேட்டுப் பாருங்கள். முருகன் வருகிறபோது வரட்டும்.

ஈசூன்காரன்:
நாளைக்குக் கேட்கிறேன், நன்றி. ஆன்ட்டி, உங்களுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. இன்று விளக்கேற்றிவிட்டுக் கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன். சமையலறையிலிருந்து அம்மா, "யாரோடடா சண்டை?" என்றார்.