வியூக விளையாட்டு ஆடுபவர்களே, வரித் திரையை என்ன செய்யலாம்?

வணக்கம் மக்களே. ஓய்வு நேரத்தில் கணினிக்கு ஒரு வியூக விளையாட்டு உருவாக்கி வருகிறேன். 1025-இல் ராஜேந்திர சோழனின் கடற்படை கடாரம் சென்ற காலம். நாகப்பட்டினம் முதல் ஸ்ரீவிஜயம் வரை வரைபடம்.

போன வாரம் சிங்கப்பூர் தோ பாயோவில் நண்பர்களிடம் ஆடக் கொடுத்தேன். பருவக்காற்று விதியை எல்லாரும் சட்டென்று பிடித்துக்கொண்டார்கள். தென்மேற்குக் காற்றில் கிழக்கே போகலாம், வடகிழக்குக் காற்று வந்தால்தான் திரும்பலாம். அவ்வளவுதான். ஆனால் அதற்குள் எத்தனை யோசனை! கற்பூரத்தை ஏற்றிக்கொண்டு இப்போதே கிளம்புவதா, படையை அங்கேயே நிறுத்திச் சோறு போடுவதா, அதற்குள் ஊரில் கலகம் வந்தால் யார் பார்ப்பது?

வரிகளை நிர்ணயிக்கும் வரித் திரையிலோ நிலவரி, சுங்கம், கோயில் கொடை என்று ஏகப்பட்ட கட்டங்கள். எல்லா அளவுகளையும் நடுவில் வைத்துவிட்டு ஆட்டத்தின் அடுத்த மாதத்துக்குப் போய்விட்டார்கள். எப்படி வைத்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை என்று கண்டுபிடித்துவிட்டார்கள், கில்லாடிகள்.

2013-இல் வந்த யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4 என்ற வியூக விளையாட்டு நிர்வாகம், ராஜதந்திரம், படை என்று மூன்றே வகைப் புள்ளிகளை வைத்து, அவற்றைத் தொழில்நுட்பத்துக்குச் செலவழிப்பதா, கைப்பற்றிய மாகாணத்தை நாட்டோடு இணைப்பதா என்று அல்லாட வைக்கும். செயற்கை என்று திட்டுபவர்கள் உண்டு, எனக்குப் பிடிக்கும்.

வரியை ஒரே அளவாகச் சுருக்கினால் சோழர் வாசனையே போய்விடுமோ? அல்லது நிலவரியை ஏற்றினால் ஊர்ச்சபைகள் கப்பலுக்கு ஆள் தராது என்று காற்றோடு முடிச்சுப் போடலாமா? குரூசேடர் கிங்ஸ், விக்டோரியா ஆடிப் பழகியவர்கள் சொல்லுங்கள். அப்புறம், சனிக்கிழமை மாலை அங் மோ கியோ பக்கம் வந்து ஆடிப் பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது. கோப்பி என் செலவு.