நகம் கீறுமா மணல் கீறுமா? பெரிய ஆமைக்குக் கண்ணாடித் தொட்டியா, அக்ரிலிக்கா?

தொட்டிக்காரன்:
பக்கத்துத் திரியில ஒருத்தர் அள்ளி விட்டிருக்கார்: "வளந்த ஸ்லைடர் ஆமைக்கு அக்ரிலிக் பிளாஸ்டிக்தான், கண்ணாடித் தொட்டி எல்லாம் தாத்தா காலம்." படிச்சதும் பத்திக்கிட்டு வந்துச்சு. ஆமைக்கு நகம் இருக்குன்னு அவருக்கு யாராவது சொன்னீங்களா? சிவப்புக் காது ஸ்லைடர் பெட்டைக்கு ஓடு 10 அங்குலம் தாண்டும். முன் சுவரைப் பிடிச்சு நின்னுக்கிட்டு நாள் முழுக்கப் பிறாண்டும். ஆறே மாசத்துல அக்ரிலிக் சாம்பல் பூத்துடும். 4 அடிக்கு 2 அடிக்கு 2 அடி, 12 எம்எம் கண்ணாடி, மேல சுத்தியும் பட்டி. முடிஞ்சுது கதை.

பன்னிரண்டு எம்எம்:
அந்த ஒருத்தர் நான்தான். பேரைச் சொல்லியே திட்டலாம், கோச்சுக்க மாட்டேன்.
நகம் கீறாது. நம்ம நகம் மாதிரி அதுவும் கெரட்டின்தான். அக்ரிலிக் துண்டு ஒண்ணை எடுத்துக் கட்டைவிரல் நகத்தால சுரண்டுங்க. கோடு விழுந்தா பேசுவோம். கீறுறது மணல். நக இடுக்குல ஒரு துகள் மாட்டிக்கும், பிறாண்டும்போது அதுதான் கோடு போடும். மிச்சக் கோடெல்லாம் பாசி துடைக்க நீங்க எடுக்குற பச்சை நாரோட வேலை. மணல் போடாம வெறும் தரையா விட்டு, மெத்துத் துணியில துடைங்க, பத்து வருஷம் பளபளக்கும்.
உங்க கணக்கையே எடுத்துக்குவோம். 4x2x2, 12 எம்எம் கண்ணாடி, காலித் தொட்டியே கிட்டத்தட்ட 90 கிலோ. அதே அளவு அக்ரிலிக் 43 கிலோகூட வராது. மூணாவது மாடிக்கு நீங்க தூக்கிட்டு வருவீங்களா?

தொட்டிக்காரன்:
தண்ணி மட்டும் ரெண்டுலயும் ஒரே எடைதானே சார்? 18 அங்குலம் ரொப்பினா 340 லிட்டர். அதுக்கு முன்னாடி உங்க 47 கிலோ மிச்சம் எந்த மூலைக்கு?
அப்புறம், கீறல் கீறல்தான். மணல் கீறினா என்ன, மயில் கீறினா என்ன?

கோந்து துப்பாக்கி:
ரெண்டு பேரும் சுவரையே பாக்குறீங்க. கண்ணாடித் தொட்டியில ஆமை குறி வைக்கிறது உள்மூலையில ஒட்டியிருக்கிற சிலிகான் பசையை. ஓரம் லேசா எழும்பினா போதும், நகத்தால நோண்டி நோண்டி உரிச்சு எடுத்துடும். புளிச்ச வினிகர் வாசனை வர்ற சாதா சிலிகான்தான் வேணும். பாத்ரூமுக்குன்னு பூஞ்சை மருந்து கலந்து வர்றது ஆகாது. ஒட்டி ஒரு வாரம் காயவிட்டுத் தண்ணி விடுங்க. ஃபில்டர் குழாய்க்கு ஓட்டை வேணும்னா, கண்ணாடியைச் சூடாக்கிக் கெட்டியாக்குவாங்களே, அந்த டஃபன் பண்றதுக்கு முன்னாடியே போடணும். பின்னாடி ட்ரில் வெச்சா மொத்தக் கண்ணாடியும் பொரி பொரியா உதிரும்.

பன்னிரண்டு எம்எம்:
அதைத்தான் சொல்றேன். அக்ரிலிக்ல நோண்ட சிலிகானே கிடையாது. கரைப்பான் விட்டா ரெண்டு தகடும் ஒண்ணா உருகி ஒட்டிக்கும். ஒரே நிபந்தனை, அச்சுல வார்த்த கேஸ்ட் ஷீட்டா வாங்கணும். லேசர்ல வெட்டின ஓரத்துல அப்படியே கரைப்பான் விட்டா மயிர்க்கோடு மயிர்க்கோடா வெடிக்கும். ரூட்டர்ங்கிற வெட்டு மெஷின்ல வெட்டச் சொல்லுங்க, இல்லைன்னா சூடு காட்டி ஆறவிடச் சொல்லுங்க. ஸ்டாண்டுல அடிப்பலகை முழுசா, மட்டமா இருக்கணும்.

ஓஎம்ஆர் போர்வாட்டர்:
ஒரு சந்தேகம். கீறல்னு எதைச் சொல்றீங்க? விரல் வெச்சா தட்டுறதா, லைட் பட்டாத்தான் தெரியுறதா? அதைச் சொல்லாமலே சண்டை போடுறீங்க.
அப்புறம் நம்ம ஊரு போர் தண்ணிக்கு நீர்மட்டத்துல வெள்ளைக் கோடு கட்டும். கண்ணாடின்னா பிளேடு வெச்சு ஒரே இழுப்பு. அக்ரிலிக்ல வினிகர் நனைச்ச துணியை அரைமணி நேரம் ஒட்டி வெச்சு ஊறவிடணும். அமோனியா கலந்த கிளீனர் பட்டுச்சோ, அவ்வளவுதான்.

தொட்டிக்காரன்:
பாத்தீங்களா! பிளேடு வைக்க முடியாது, நார் வைக்க முடியாது, மணல் போட முடியாது. அது தொட்டியா, மாமியாரா?

பன்னிரண்டு எம்எம்:
கீறல் விழுந்தா அக்ரிலிக்கைத் தேய்ச்சு எடுத்துடலாம். 800, 1500, 2000 நம்பர் உப்புத்தாளைத் தண்ணி தொட்டுத் தேய்க்கணும், கடைசியா பாலிஷ். கண்ணாடியில ஆழமா கோடு விழுந்தா வாழ்நாள் முழுக்க அதைப் பாத்துக்கிட்டு உக்கார வேண்டியதுதான்.
சரி, நகத்தால சுரண்டிப் பாத்தீங்களா? பதிலே காணோமே.

வேளச்சேரி வாசி:
இடையில வர்றதுக்கு மன்னிக்கணும். ஏரிக்கரையில ஒரு பாலாமை கிடைச்சுது, 2 அடித் தொட்டி போதுமா? ஜன்னல் ஓரம் வெச்சா வெயிலும் கிடைக்கும்ல?

கோந்து துப்பாக்கி:
தம்பி, முதல்ல வனத்துறைக்குப் போன் பண்ணுங்க. பாலாமை நம்ம ஊரு ஏரி ஆமை, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல முதல் அட்டவணையில இருக்கு. வீட்டுல வெச்சா ஜெயில். அதே மாதிரி அலுத்துப்போன ஸ்லைடரைப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துல கொண்டுபோய் விடுறவங்களும் தயவுசெய்து நிறுத்துங்க, நம்ம ஊரு ஆமை சோத்துல அது கை வைக்குது. ஜன்னல் வெயில்ல சூடு மட்டும்தான் வரும், யூவிபிங்கிற புற ஊதாக் கதிர் கண்ணாடியைத் தாண்டாது. அது இல்லைன்னா ஓடு மெத்துன்னு ஆகும். அதுக்குத் தனியா யூவிபி ட்யூப் போடணும்.

பன்னிரண்டு எம்எம்:
சாதா அக்ரிலிக்கும் யூவிபியை மறைக்கும்தான், ஒத்துக்கிறேன். ஆனா அது நகத்துப் பிரச்சனை இல்லையே.

தொட்டிக்காரன்:
போன வருஷம் ஃபில்டர் திரியிலயும் இதே பாட்டுதான் பாடினீங்க. ஆமைத் தொட்டிக்கு மணிக்கு ரெண்டு தடவை தண்ணி சுத்தினா போதும்னீங்க, அதை நம்பினவங்க தொட்டி கூவமா நாறிச்சு. அந்தக் கணக்கு இன்னும் பாக்கி.

பன்னிரண்டு எம்எம்:
வாரம் பாதித் தண்ணி மாத்தணும்னு அதே வரியிலதான் எழுதியிருந்தேன். பாதி வாக்கியம் படிக்கிறவங்களுக்கு நான் பொறுப்பில்லை. நகத்துக்கு வாங்க.

ஓஎம்ஆர் போர்வாட்டர்:
என் கேள்விக்கு யாருமே பதில் சொல்லலை.

தொட்டிக்காரன்:
எந்தக் கேள்வி? கீறல்னா கீறல்தான். ஆமை சுவத்துல மோதி ஏறுறப்ப வயித்து ஓடு உரசுமே, அதுவும் கெரட்டின்தானா?

பன்னிரண்டு எம்எம்:
ஓட்டு மேல்தகடும் கெரட்டின்தான் சார். நன்றி.

தொட்டிக்காரன்:
அப்போ அதுல ஒட்டுற மணல்?

பன்னிரண்டு எம்எம்:
மணலே போடாதீங்கன்னு மூணு தடவை சொல்லிட்டேன். முதல்ல அந்தப் பச்சை நாரைக் கீழ வைங்க.