போசெல்லியா க்ரோபனா? எனக்கு மட்டும் ஏன் வீட்டுல ஒண்ணு வேலையில ஒண்ணா இருக்கு

கட்டபெட்டு_நைட்ஷிப்ட்:
எல்லாருக்கும் வணக்கம்ங்க. ரொம்ப நாளா சும்மா படிச்சிட்டு போறவன், இன்னிக்குதான் மொதல் தடவ எழுதறேன், தப்பா ஏதாவது சொன்னா திட்டாதீங்க. கோத்தகிரி பக்கம் ஒரு டீ ஃபேக்டரில நைட் ஷிப்ட் பாக்கறேன். பாட்டு இல்லாம ராத்திரி நகராது. போன டிசம்பர்ல பக்கத்து வீட்டு பையன் கேரல் ரவுண்டுக்கு பாட கத்துக்கறேன்னு ஜோஷ் க்ரோபன்னு ஒரு அமெரிக்கப் பாடகர் பாட்டு ஒண்ண திரும்ப திரும்ப போட்டுட்டே இருந்தான், எங்க வீடு லைன் வீடு, நடுவுல ஒரே சுவர், அவன் கேட்டா நானும் கேட்டுத்தான் ஆகணும். பகல்ல தூங்கறவனுக்கு கோவம்தான் வந்திருக்கணும், நான் என்னடான்னா எந்திரிச்சு போய் கதவ தட்டி யார்றா இவன்னு கேட்டுட்டு வந்தேன். அன்னிக்கு புடிச்ச கிறுக்கு. அப்படியே இத்தாலிக்காரங்க ஆண்ட்ரியா போசெல்லி (கண்ணு தெரியாதவர்), பவரொட்டி, அப்புறம் இல் டிவோ, இல் வோலோங்கற குழுக்கள்னு ஒவ்வொருத்தரா கேட்டு முடிச்சாச்சு.

இப்ப என் குழப்பம் என்னன்னா, எங்க பாத்தாலும் போசெல்லிதான் பெரிய ஆளுன்னு சொல்றாங்க. எனக்கு வீட்டுல கம்பளிய போத்திட்டு கேக்கறப்போ க்ரோபன்தான் புடிக்குது. அந்த குரல் நல்லா பழுத்த மாதிரி, காதுக்குள்ள வந்து உக்காருது. போசெல்லி கொஞ்சம் இறுக்கமா தொண்டைய புடிச்சிட்டு பாடற மாதிரி தோணுது. எங்கம்மா அதுக்கும் மேல, "யாருடா இது, பனியில நின்னுட்டு பாடறானா, இப்படி நடுங்குறான்"னு கேக்குது.

ஆனா அதே செல்போன ஃபேக்டரிக்கு கொண்டு போய் டேபிள் மேல வெச்சா எல்லாம் தலைகீழ். இலை வாட வைக்கிற ட்ரஃப் எல்லாத்துலயும் ஃபேன் ஓடிட்டு இருக்கும், பக்கத்துல இலைய நசுக்கி சுருட்டற சி.டி.சி மெஷின் வேற. அந்த சத்தத்துல க்ரோபன் ஆளயே காணோம். போசெல்லி மட்டும் ஊசி மாதிரி வந்து குத்துறாரு. பவரொட்டின்னா கேக்கவே வேண்டாம், ட்ரையர் கிட்ட நிக்கிற ஆளுக்கும் கேக்குது. என் காதுல கோளாறா இல்ல எல்லாருக்கும் இப்படித்தானா? உங்களுக்கு யார் குரல் புடிக்கும், ஏன்னு சொல்லுங்க.

அப்பர்குன்னூர்_பேஸ்:
தம்பி காதுல ஒரு கோளாறும் இல்ல, நல்ல காது. 20 வருஷத்துக்கு மேல குவயர்ல, அதாவது கூட்டா பாடற குழுவுல, பேஸ்ங்கற கீழ் குரல் பாடறேன், நீங்க சொன்னத படிச்சதும் சிரிப்பு வந்துருச்சு, எங்கள மாதிரி கீழ் குரல்காரங்களுக்கு காலம் பூரா இதே சோகம்தான், டெனர்ங்கற மேல் குரல்காரங்க நாலு பேர் வாய தொறந்தா நாங்க பாடினது எங்களுக்கே கேக்காது.

விஷயம் இதுதான். ஃபேன் சத்தம், மோட்டார் சத்தம் எல்லாம் பெரும்பாலும் கீழ ஓடற சத்தம். ஆர்க்கெஸ்ட்ராவும் அப்படித்தான், அதோட பலம் எல்லாம் கீழ இருக்கும், மேல போகப் போக குறையும். ஓபராங்கறது முழுக்க பாட்டாவே நடக்கற மேற்கத்திய நாடகம், அதுல பாடறவங்க மைக் இல்லாம அம்பது அறுபது வாத்தியத்த தாண்டி கடைசி சீட்டு வரைக்கும் கேக்கணும். அதுக்காக தொண்டைய ஒரு மாதிரி வெச்சு பாடி, சுமாரா 3000 ஹெர்ட்ஸ் பக்கம் குரலுக்கு ஒரு மினுக்கம் ஏத்துவாங்க. நம்ம காதும் அந்த எடத்துலதான் ரொம்ப கூர்மை. ஆர்க்கெஸ்ட்ரா அங்க வீக், குரல் அங்க ஸ்ட்ராங், அவ்ளோதான் சூட்சுமம். பவரொட்டிக்கு அது மலை மாதிரி இருக்கும். உங்க ட்ரஃப் ஃபேன்தான் உங்க ஆர்க்கெஸ்ட்ரான்னு வெச்சுக்கோங்க.

க்ரோபன் பாரிடோன், டெனருக்கும் பேஸுக்கும் நடுவுல இருக்கற குரல். அவர் குரலோட அழகே கீழயும் நடுவுலயும் இருக்கற சூடுதான். மைக்க பக்கத்துல வெச்சு மெதுவா பாடறப்போ அது வரும். அத ஃபேன் சத்தம் முழுசா முழுங்கிரும். அதுவும் போன் ஸ்பீக்கர்ல கீழ் சத்தம் வரவே வராது, பாதி ஆள ஸ்பீக்கர் வெட்டுது மீதி ஆள ஃபேன் வெட்டுது, பாவம் அவர் எங்க போவாரு.

அதுக்காக போசெல்லி பவரொட்டி மாதிரின்னு நெனச்சுறாதீங்க. அவரும் மைக்ல வளந்த குரல்தான். 1999ல டெட்ராய்ட்ல வெர்தர்ங்கற ஓபரால மேடையேறினப்போ குரல் அரங்கத்துக்கு பத்தலன்னு விமர்சனம் வந்துச்சு. குரல் சின்னது, ஆனா கூர் இருக்கு. ரெக்கார்டுல அது போதும்.

எனக்கு யார் புடிக்கும்னா ஆல்ஃபி போங்கற டெனர். இங்க அவர் பேர யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க. இங்கிலாந்துல கார் கம்பெனில அப்ரண்டிஸா இருந்த ஆளு, வேல செஞ்சுட்டே பாடினத ஒரு கஸ்டமர் கேட்டுட்டு ஆடிஷனுக்கு போகச் சொன்னாராம். அதே இங்கிலாந்து பாடகர் ரசல் வாட்சனும் ஃபேக்டரில போல்ட் வெட்டிட்டு இருந்தவர்தான். உங்க ஷிப்ட்லயும் யாராச்சும் பாடறாங்களான்னு காது குடுத்து பாருங்க.

லவ்டேல்_பாட்டுடீச்சர்:
பேஸ் சார் சொன்னது சரி. நான் வேற பக்கத்துலருந்து சொல்றேன். நான் கர்நாடக சங்கீதம் சொல்லிக் குடுக்கறவ, மேற்கத்திய சங்கீதம் கேள்வி ஞானம்தான்.

கட்டபெட்டு தம்பியோட அம்மா நடுங்குதுன்னு சொன்னாங்கல்ல, அவங்கள கேலி பண்ணாதீங்க, ரொம்ப சரியா புடிச்சிருக்காங்க. வைப்ராட்டோங்கறது ஒரு செகண்டுக்கு அஞ்சாறு தடவ ஒரே சீரா சுருதி மேலயும் கீழயும் ஆடறது, எந்த ஸ்வரமா இருந்தாலும் நீட்டினா அந்த ஆட்டம் வந்துரும், அது அவங்க குரலோட மூச்சு மாதிரி. நம்ம கமகம், அதாவது ஸ்வரத்த அசைச்சு பாடறது, அப்படி இல்ல, எந்த ஸ்வரத்த அசைக்கணும் எத அசைக்கக் கூடாதுன்னு ராகம் சொல்லும். தோடில காந்தாரத்த அசைக்காம பாடினா தோடியே இல்ல, ஆனா சட்ஜமும் பஞ்சமமும் ஆணி அடிச்ச மாதிரி நிக்கணும். என் கிட்ட கத்துக்க வர்ற பசங்க சட்ஜத்துல நடுங்கினா நான் நிறுத்திருவேன். சின்ன வயசுலருந்து அப்படி கேட்டு பழகின காதுக்கு எல்லா ஸ்வரமும் ஒரே மாதிரி ஆடினா குளிர்ல நடுங்கறதாத்தான் தோணும். க்ரோபன் வாக்கியத்த மொதல்ல நேரா புடிச்சு கடைசிலதான் லேசா ஆட விடறாரு, அதனாலதான் நம்மாளுங்களுக்கு சட்டுனு ஒட்டுது. போசெல்லி எடுத்ததும் ஆட்டம்.

இன்னொண்ணு, இத்தாலியன் வார்த்தை எல்லாம் பெரும்பாலும் உயிரெழுத்துல முடியும், தெலுங்கு மாதிரியே. கார்வை குடுத்து நீட்ட அவ்ளோ சுகம். க்ரோபன் இங்கிலீஷ்ல பாடறப்போ டி, எஸ்னு முடியற எடத்துல குரல் பட்டுனு நிக்கும், அதே ஆளு இத்தாலியன்ல பாடினத கேளுங்க, குரலே பெருசாயிரும்.

எனக்கு புடிச்சது யாருன்னா, சிரிக்கக் கூடாது, இவங்க யாரும் இல்ல. 'சின்னக் கண்ணன் அழைக்கிறான்' பாடின பாலமுரளி சார். 1977ல ரீதிகௌளை ராகத்த சினிமாவுல அவ்ளோ சாதாரணமா, தெருவுல பேசற மாதிரி பாடிட்டு போனாரு. கிளாசிக்கல் ஆளு வெளிய வந்தா தன் வித்தைய எவ்ளோ மறைக்கணும்னு அவருக்கு தெரியும். இல் டிவோ கிட்ட எனக்கு புடிக்காததே அதுதான், நாலு பேரும் கடைசி நிமிஷம் சேந்து கத்துவாங்க, எல்லா பாட்டுலயும் அதே எடத்துல.

மூஞ்சிக்கல்_டாக்ஸி:
டீச்சரம்மா இல் டிவோவ அப்படி சொல்லாதீங்க, நம்ம வண்டில ஏறுன பாதி பேருக்கு புடிச்சது அதுதான். கொடைக்கானல்ல டாக்ஸி ஓட்டுறேன், வத்தலக்குண்டு தாண்டி ஏற்றம் ஆரம்பிச்சதும் இளையராஜா, பெருமாள்மலை நெருங்கி மஞ்சு எறங்கிட்டா இல் டிவோ, இதான் நம்ம கணக்கு. அதுல நாலு பேர்ல மூணு பேர்தான் ஓபரா படிச்சவங்க, செபாஸ்டியன்ங்கற ஃப்ரெஞ்சுக்காரரு பாப் பாட்டுக்காரரு, நல்லா கவனிங்க, அவரு பாடுற எடத்துல மட்டும் ஒருத்தன் பக்கத்துல உக்காந்து பேசுற மாதிரி இருக்கும், அப்புறம் மத்தவங்க வந்து தூக்குவாங்க. அதே குழுவுல இருந்த கார்லோஸ் மரின் 2021 டிசம்பர்ல கொரோனாவுல போயிட்டாருண்ணே, அந்த அடிக்குரல் போனதுலருந்து எனக்கு புதுசா கேக்கவே தோணல.

போசெல்லி பத்தி ஒண்ணு சொல்லணும். 2020 லாக்டவுன்ல ஏரிச்சாலை காலியா கெடந்துச்சு, குதிரைக்காரங்க இல்ல, சைக்கிள் இல்ல, கம்பளிக்கடை எல்லாம் மூடியாச்சு, வண்டிக்கு ட்யூ கட்ட முடியல. அந்த ஈஸ்டர் அன்னிக்கு மிலான் பெரிய கோயில்ல ஆளே இல்லாம போசெல்லி தனியா பாடுனத போன்ல பாத்தேன். கூட ஆர்கன் வாசிக்கிறவரு மட்டும். கடைசியா வெளிய வந்து வெறிச்சோடின வாசல்ல ஒத்தையா நின்னு பாடுவாரு. நீங்க சொல்ற இறுக்கம், நடுக்கம் எல்லாம் அதுலயும் இருக்கு, குரல் வயசாயிருச்சுன்னு நல்லா தெரியும். ஆனா அன்னிக்கு அந்த வாசலும் எங்க ஏரிச்சாலையும் எனக்கு ஒண்ணாத்தான் தெரிஞ்சுச்சு. வண்டிக்குள்ள உக்காந்து அழுதேன், வெக்கமில்லாம சொல்றேன். க்ரோபன் நல்லா பாடுறாரு, இல்லைங்கல. ஆனா அவரு பாட்டு கேட்டு எனக்கு அப்படி எதுவும் ஆனதில்ல.

அப்பர்குன்னூர்_பேஸ்:
மூஞ்சிக்கல் தம்பி சொன்னதுக்கு நான் பதில் சொல்ல மாட்டேன், அது வேற கணக்கு. செபாஸ்டியன் பத்தி சொன்னது சரியான கவனிப்பு. கூட ஒரு தகவல், இல் டிவோ டேவிட் மில்லரும் நான் சொன்ன ஆல்ஃபி போவும் 2002ல பிராட்வேல நடந்த லா போயம் ஓபரால ஒரே வேஷம், ரொடோல்ஃபோ, நாள் மாத்தி மாத்தி பாடினவங்க.

பட்லர்_மகன்_குன்னூர்:
வயசானவன் நடுவுல ஒரு வார்த்தை சொல்லலாமா. நீங்க எல்லாம் போசெல்லிலருந்து ஆரம்பிக்கறீங்க. எங்கப்பா எஸ்டேட் பங்களால பட்லர். துரை ஊருக்கு கப்பல் ஏறினப்போ ஒரு கிராமபோனும் கொஞ்சம் பிளேட்டும் குடுத்துட்டு போனாரு. அதுல ரெண்டு பிளேட் அமெரிக்கப் பாடகர் மரியோ லான்சா. இந்த ஓபரா, சினிமா கலப்புக்கு எல்லாம் தாத்தா அவருதான். சினிமால பெரிய ஸ்டார், ஓபரா மேடையில பாடினது ரொம்ப ரொம்ப கம்மி, அதனால சங்கீதக்காரங்க அவர சேத்துக்கவே இல்ல. ஆனா சின்ன பையனா இருந்த பவரொட்டி, டொமிங்கோ, கரேராஸ்னு பெரிய டெனருங்க எல்லாம் அவர் குரல கேட்டு மயங்கினவங்கதான்.

எங்கப்பா அந்த பிளேட்ட வெச்சுட்டு உடனே தியாகராஜ பாகவதர் பிளேட்ட வெப்பாரு. "ரெண்டு பேருக்கும் ஒரே நெஞ்சுடா"ம்பாரு. அப்ப புரியல. மைக் சரியா இல்லாத நாடகக் கொட்டகைல கடைசி வரிசைக்கு கேக்கணும்னு நாலு கட்டை அஞ்சு கட்டைன்னு ஒசந்த சுருதில பாடி வளந்தவரு பாகவதர், நாடக நடிகர் கிட்டப்பாவும் அப்படித்தான். இப்ப பேஸ் சார் சொன்ன மினுக்கத்த படிச்சப்புறம்தான் எங்கப்பா எத சொன்னாருன்னு தெரியுது. இன்னொரு விசித்திரம், லான்சா ரோம்ல செத்தது 1959 அக்டோபர் 7, வயசு 38. பாகவதர் போனது அதே வருஷம் நவம்பர் 1. இருபத்தஞ்சு நாள்தான் நடுவுல.

டீச்சரம்மா, மைக் வந்தப்புறம் நம்ம ஆம்பளைங்க சுருதி எவ்ளோ கீழ எறங்கிருச்சுன்னு நீங்கதான் சொல்லணும்.

லவ்டேல்_பாட்டுடீச்சர்:
அய்யா, இப்ப கச்சேரில பெரும்பாலான ஆண்கள் ஒரு கட்டை, ஒன்றரை கட்டைதான், ரெண்டுன்னாலே உசரம். உங்கப்பா காது பெரிய காது. அந்த பிளேட் இன்னும் இருக்கா?

பட்லர்_மகன்_குன்னூர்:
பிளேட் இருக்கும்மா, ஈரத்துல பூஞ்சை புடிச்சு கெடக்கு. கிராமபோன் ஸ்ப்ரிங் போயி வருஷமாச்சு. மேட்டுப்பாளையத்துல ஒருத்தர் சரி பண்ணித் தர்றேன்னு வாங்கி வெச்சிட்டு ஆறு மாசம் கழிச்சு அப்படியே திருப்பிக் குடுத்தாரு.

கட்டபெட்டு_நைட்ஷிப்ட்:
அண்ணா, டீச்சரம்மா, அய்யா, எல்லாருக்கும் நன்றிங்க. நேத்து ஷிப்ட்ல சோதனையே பண்ணி பாத்துட்டேன். ராத்திரி ஒண்ணரைக்கு, வரிசையா போட்டேன். ட்ரஃப் பக்கத்துல நின்னப்போ க்ரோபன் வாயசைக்கறது மட்டும் ஸ்கிரீன்ல தெரிஞ்சுது, எங்கயாவது ஒசர போறப்போ மட்டும் ஒரு இழை வந்துச்சு. போசெல்லி வந்தாரு. லான்சாவ தேடி எடுத்து போட்டேன், அய்யோ, எங்க சூப்பர்வைசர் அந்த கடைசிலருந்து திரும்பி பாத்து கைய ஆட்டி கம்மி பண்ணுன்னாரு. பாகவதரும் போட்டேன், பழைய ரெக்கார்டு கரகரப்போட சும்மா கணீர்னு வந்துச்சு, இலை கொட்ட வந்த அக்கா ஒருத்தங்க நின்னு கேட்டுட்டு "இது எங்க தாத்தா பாடற பாட்டு"ன்னு சொல்லிட்டு போனாங்க.

காலைல வீட்டுக்கு வந்து கம்பளிக்குள்ள க்ரோபன்தான் போட்டேன். அத மாத்த முடியல. அம்மாவுக்கு மட்டும் அந்த மிலான் வீடியோவ காட்டினேன். முழுசா பாத்துச்சு. நடுங்குறான்னு இந்த தடவ சொல்லல, "கண்ணு தெரியாத புள்ளைய தனியா நிக்க வெச்சுட்டு எல்லாரும் எங்க போனாங்க"ன்னு கேட்டுச்சு. லாக்டவுன்மான்னு சொன்னேன்.

பேஸ் அண்ணா, ஆயிரம் ரூபாய்க்குள்ள கீழ் சத்தம் நல்லா வர்ற ஸ்பீக்கர் ஏதாவது இருக்கா?

அப்பர்குன்னூர்_பேஸ்:
ஆயிரத்துக்குள்ள பாரிடோன் வர மாட்டார் தம்பி. ரெண்டாயிரம் ஆக்குங்க, பழசு ஒண்ணு என்கிட்ட இருக்கு, ஞாயித்துக்கிழமை குன்னூர் வந்தா கேட்டு பாத்துட்டு எடுத்துட்டு போங்க.